திருத்தச் சீட்டு

இரவு மெயிலில் கொழும்பிலிருந்து பழுப்புறை வரும்.
உள்ளே ஒரு சுற்றறிக்கை,
சுண்டுவிரல் அகலத்தில் அச்சடித்த சீட்டுகள்.
‘வழிகாட்டி நூல், பக்கம் நாற்பத்தொன்று, ஏழாம் வரி.
இதனை அதன்மேல் ஒட்டுக.’
ஏன் என்று எந்தச் சுற்றறிக்கையும் எழுதியதில்லை.

புளியந்தீவுத் தபாற்கந்தோரில்
ஒட்டுகிற வேலை என்னுடையது.
அபிசீனியாவை முப்பத்தாறில் நான்தான் ஒட்டினேன்.
கச்சான் காற்று சீட்டைப் பறித்துக்கொண்டு போக
ஒரு பேரரசு கொஞ்ச நேரம்
மேசைக்கடியில் குப்புறக் கிடந்தது.

ஒஸ்திரியாவுக்குப் பசைகூடச் செலவில்லை.
‘ஜேர்மனியின் கீழ்ப் பார்க்க’:
சிவப்பு மையில், அடிமட்டம் வைத்து, ஒரு கோடு.
அடிமட்டம் வழுக்கி அல்பேனியாவையும் தொட்டது.
ஓரத்தில் சுருக்கொப்பம் வைத்துத் தவறை ஏற்றேன்.
அடுத்த வருஷம் அதற்கும் சீட்டு வந்தபோது
பியோன் உதுமாலெவ்வை என் கையைத்தான் பார்த்தான்.

சந்தைத் தெருவில் சப்பாத்துக்கடை வைத்திருந்தவர்
யாரோமிர் துரை.
ஊர் வெறுங்காலில் நடந்தது.
கச்சேரிக் கிளாக்குமார் வாங்கினார்கள், தவணையில்.
சனிக்கிழமை தோறும் பேர்ணோவில் இருக்கும் தங்கைக்கு ஒரு கடிதம்;
மாதமொன்று கொழும்புத் தூதரகத்துக்கு, பதிவுத் தபாலில்.
பதில் வரும், அரக்கு முத்திரையில்
இரண்டு வால் உள்ள சிங்கம்.
‘ஒரு வால் உங்களுக்கு, ஒன்று எனக்கு’ என்பார்
நல்ல நாட்களில்.

முப்பத்தெட்டு புரட்டாதியில்
போஸ்ட்மாஸ்டர் பார்த்தலோட்டின் வானொலியைச் சுற்றி நின்றோம்.
நாலு பேர் கூடிக் கையொப்பம் வைத்தார்களாம்,
காணிக்காரனை விறாந்தையில் இருத்திவிட்டு.
இப்படி ஓர் உறுதியைக் கொண்டுபோனால்
எங்கள் நொத்தாரிசு சிரட்டையால் எறிவார்.
துரை சிரிக்கவில்லை.
முத்திரைக்கு நீட்டிய சில்லறையை
இரண்டு தரம் எண்ணினார்.

பங்குனியில் சீட்டு வந்தது.
‘போகீமியா, மொறாவியா: பாதுகாப்பு நாடு.’
பாதுகாப்பு.
வாவிக்கரையில் எங்கள் கோட்டையைக் கட்டினவனும்
அதைத்தான் சொல்லியிருப்பான்.
பறங்கி போனான், ஒல்லாந்தன் போனான்,
கந்தோர், லாச்சி, அலுமாரி, சப்பாத்து என்று
எங்கள் வாயில் சாமான்களை விட்டுவிட்டு.
இவர்கள் எதை விட்டுப்போவார்களோ.
கடிதக் கட்டணம் ஒரு சதமும் மாறவில்லை.

சித்திரையில் அவருக்கு வந்த உறையில் கழுகு.
கவுண்டரிலேயே நின்று வாசித்தார்.
பழைய கடவுச்சீட்டைக் கொண்டுவந்து
புதியது பெற்றுக்கொள்ளலாமாம். மரியாதையான கடிதம்,
‘தங்கள் பணிவுள்ள’ என்று முடிந்திருந்தது.
மடித்தார். மறுபடி விரித்தார்.
தங்கையின் உறையை என் முன்னால் வைத்துக் கேட்டார்,
நாடு என்று எதை எழுத?

சட்டம் எனக்குத் தெரியும். பக்கம் நாற்பத்தொன்று.
‘ஊரப் போடுங்க துரை,
நாட்ட நான் பாத்துக்கிறன்’ என்றேன்.
எதைப் பார்த்தேன்?
முத்திரை குத்திப் பைக்குள் போட்டேன், அவ்வளவுதான்.

ஆவணி கடைசியில் அவர் கடை பூட்டிக் கிடந்தது.
கண்ணாடிக்குள் இடதுகால் சப்பாத்துகள் மட்டும் வரிசையாய்;
வலதுகாலெல்லாம் உள்ளே பெட்டியில் என்றார்கள்.
கடிதம் திரும்பிவந்தது. மூன்று மொழியில் ஒரே மறுப்பு.
கொடுக்க ஆளில்லை.
லாச்சியில் இருக்கிறது.

மாரி தொடங்கி, மேசை ஈரமேறிய ஒரு காலை
உதுமாலெவ்வை வழிகாட்டி நூலை விரித்துக் காட்டினான்:
‘இஞ்ச பாருங்க ஐயா,
மறுகா பழைய நாடு வந்திட்டு.’
கரப்பான் தின்றிருந்தது.
மரவள்ளிமாப் பசை; துருசு கலக்காதது.
மறந்துவிட்டேன் என்றான்.
அவன் எதையும் மறக்கிற ஆளில்லை.

புதிய பசை காய்ச்சச் சொல்ல வேண்டும்.
இன்னும் சொல்லவில்லை.